சிரிக்காத அரை மணி

சாவு வீட்டில் சிரித்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். பல் கொஞ்சம் எடுப்பு, வாய் மூடாது என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். நீலாம்பாள் செய்தது அதற்கும் மேலே. பிணத்தின் மேல் போட்டிருந்த கோடிப் புடவையை எடுத்து, உட்கார்ந்திருந்தவர்களுக்கு விரித்துக் காட்டி, மடித்து ஓரமாக வைத்துவிட்டாள்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் இதற்குள் ஏழெட்டு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவள் விலைகூடச் சொன்னாள் என்று ஒரு கட்சி. அது சுத்தப் பொய். விலையெல்லாம் சொல்லவில்லை.

காமாட்சியம்மன் கோயில் பக்கம் உள்ள ஒரு பட்டுக்கடையில் நீலாம்பாளுக்கு வேலை. கடைப் பெயர் வேண்டாம், முதலாளி வருத்தப்படுவார். இரண்டாவது மாடி, முகூர்த்தப் பட்டுப் பிரிவு. பத்தொன்பது வருஷமாக அதே மாடி, அதே மேடை. கல்யாணப் பெண்ணோடு பதினோரு பேர் வந்து மெத்தையில் உட்காருவார்கள். எதிரே நின்று ஒவ்வொன்றாக விரித்துக் காட்ட வேண்டும். முந்தானையை எடுத்துத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். எண்பது புடவை பார்த்த பிறகு, "ஒரு நடை ஏகாம்பரநாதரைச் சேவிச்சிட்டு வந்துடறோம்" என்று எழுந்து போவார்கள். திரும்பி வர மாட்டார்கள். எண்பதையும் மடித்து அடுக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது, தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. வாடிக்கையாளர் பாராட்டினாலும் சிரிக்க வேண்டும், திட்டினாலும் சிரிக்க வேண்டும். திட்டினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சிரிக்க வேண்டும்.

இந்த ஆவணியில் முகூர்த்தம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. இருபத்தாறு நாள் வார விடுமுறை கிடையாது. இருபத்தேழாம் நாள் காலையில்தான் காந்தாவின் அக்கா இறந்துபோன சேதி வந்தது.

காந்தா, நீலாம்பாளுக்குச் சம்பந்தியாக வரப்போகிறவள். நீலாம்பாளின் ஒரே மகள் சங்கீதாவை, காந்தாவின் மகன் ஜெயக்குமாருக்கு நிச்சயம் செய்து இரண்டு மாதம் ஆகிறது. தை மாதம் கல்யாணம். அந்தப் பையன் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான், தங்கமான பையன். சங்கீதா அவனோடு போனில் பேசும்போது முகம் போகிற போக்கைப் பார்த்து, அவள் அப்பா பரமசிவமே தறியை நிறுத்திவிட்டு வெட்கப்பட்டிருக்கிறார்.

செத்துப்போன சம்பூரணம் காந்தாவுக்கு அக்கா மட்டும் இல்லை. ஆறு வயதில் தாயில்லாமல் போனவளைத் தலை வாரி, சோறு ஊட்டி, கல்யாணம் செய்து கொடுத்தவள். கடைசியில் தங்கை வீட்டோடு வந்திருந்தாள். காந்தாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான்.

நீலாம்பாள் இரண்டு மணி நேரம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு கடையிலிருந்து நேரே ஓடினாள். மாற்றுப் புடவை எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. கடை யூனிஃபார்ம் சேலை, கழுத்தில் தாலிச் சரட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு அட்டை. அதில் அவள் பெயரும், கீழே 'உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்ற வாசகமும் இருந்தன.

அவள் உள்ளே நுழைந்தது கோடி போடும் நேரம். சொந்தக்காரர்கள் எடுத்து வந்த புதுத்துணியை ஒவ்வொன்றாக உடம்பின் மேல் போர்த்துவார்கள். கடைசியாக உடுத்தி அனுப்புகிற மரியாதை அது, போட்டதை யாரும் தொடக் கூடாது. காந்தா போட்டது அரக்குப் பட்டு, கடுகு நிறத்தில் பார்டர். போட்டவள் அழுதுகொண்டே போட்டதில் முந்தானை ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது.

தலைமாட்டில் நின்றிருந்த நீலாம்பாளுக்குச் சுருண்ட முந்தானையைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. குனிந்து நீவி விட்டாள். அத்தோடு விட்டிருக்கலாம். நிமிர்ந்தபோது எதிரே பதினைந்து பெண்கள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படி உட்கார்ந்து அப்படிப் பார்க்கிறவர்களைத்தான் அவள் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். புடவை அவள் கைக்கு வந்தது, முந்தானை அவள் தோளுக்குப் போனது.

"கோர்வை பார்டர்மா. முந்தானை எவ்ளோ கிராண்டா இருக்குது பாருங்க. கைல தூக்கிப் பாருங்க, வெய்ட்டே தெரியாது."

யாரும் வாயைத் திறக்கவில்லை. வாடிக்கையாளர் வாயைத் திறக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நீலாம்பாள் புடவையைச் சரசரவென்று மடித்தாள். பார்டரோடு பார்டர் ஒரு நூல் பிசகவில்லை. அதைக் கால்மாட்டில் வைத்துவிட்டுப் பளிச்சென்று சிரித்தாள்.

"புடிக்கலன்னா பரவால்லம்மா. வேற காட்டட்டுங்களா?"

வாசலில் சங்கு ஊதுகிறவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

காந்தா எழுந்து வந்தாள். "எங்கக்கா மேல போட்டத எடுத்து மடிக்கிறியே, நீ மனுஷிதானா? உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று கத்தினாள். அப்போதுதான் நீலாம்பாளுக்கு, தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. உறைத்தாலும் என்ன செய்ய? திட்டு விழுந்ததும் அவள் முகம் தன் வேலையைச் செய்தது. இன்னும் அகலமாகச் சிரித்தாள்.

---

"நான் சிரிக்கவே இல்லங்க. சத்தியமா சொல்றேன்" என்றாள் வீட்டில்.

பரமசிவம் குழித்தறியில் உட்கார்ந்திருந்தார். காலையில் பெய்த மழையில் பாவு ஈரம் வாங்கி இழை ஒட்டிக்கொண்டு, அவர் ஏற்கெனவே கடுப்பில் இருந்தார்.

"நானும் அங்கதானே வந்து நின்னுக்கினு இருந்தேன். முப்பத்திரண்டு பல்லும் தெரிஞ்சிது."

"எனக்கே தெரியாம எப்படிங்க சிரிப்பேன்?"

"அத நீதான் சொல்லணும். இந்த வூட்ல நீ சிரிச்சு நான் பார்த்ததே இல்ல. நெனச்சிக்கினு இருந்தேன், இவளுக்குச் சிரிப்பே வராது போலன்னு. இன்னிக்குதான் தெரியுது, அம்புட்டும் கடைல செலவாயிட்டு இருக்குதுன்னு."

சங்கீதா உள்ளேயிருந்து போனோடு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"இன்னாடி சொல்றாரு மாப்பிள்ளை?" என்றாள் நீலாம்பாள்.

"அவங்கம்மா யார்கூடவும் பேசலையாம். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும், அப்புறம் கல்யாணத்தப் பத்திப் பேசிக்கலாம்னு சொல்லிட்டாங்களாம். அவரு என்ன பண்ணுவாரு பாவம். நீ காரியத்துக்கு வந்து அம்மாகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டா சரியாயிடும்னு சொல்றாரு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா சிரிக்காம கேக்கணுமாம்" என்றாள்.

நீலாம்பாள் கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். பிறகு பாவாடையை மடித்தாள். காய்ந்தது ஈரம் என்று பார்க்காமல் கொடி முழுவதையும் மடித்து அடுக்கினாள். பரமசிவம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு முதல் முறையாகப் பயமாக இருந்தது.

---

இப்போது கடைக்கு வர வேண்டும். அங்கே ஒரு மாதமாக வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது.

முதலாளியின் மருமகள் ஜீவிதா எம்.பி.ஏ. படித்த பெண், நல்ல மனசு. ஊழியர்களின் மனநலத்தை நாம் கவனிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பே இல்லை. சென்னையிலிருந்து ஷாரோன் என்ற கவுன்சலரை வெள்ளிக்கிழமை தோறும் வரச் சொன்னாள். வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை மாட்டினாள். 'இன்று என் மனம்' என்று தலைப்பு. கீழே மூன்று டப்பாவில் ஒட்டுகிற முகங்கள். மஞ்சள் முகம் சிரிக்கும், வெள்ளை முகம் சும்மா இருக்கும், நீல முகம் அழும். காலையில் வந்ததும் அவரவர் மனசு எப்படியோ அந்த முகத்தை ஒட்டலாம், பெயர் எழுத வேண்டாம்.

கெடுத்தது இரண்டாம் மாடி ஃப்ளோர் மேனேஜர் மாணிக்கவேல். அவருக்கு எதைக் காட்டினாலும் டார்கெட்டாகத்தான் தெரியும்.

"கீழ காட்டன் செக்‌ஷன்ல நூத்துக்கு நூறு மஞ்சளாம்! நம்ம மாடில தொண்ணூத்தாறு. யார்பா அந்த வெள்ளை ஒட்டனது?"

கதிர்வேல் கையைத் தூக்கினான். "நான்தான் சார். காலைல பல்வலி."

"பல்வலின்னா பல்லுக்குத்தானே? மனசுக்கு இன்னா கேடு? நாளைக்கு மஞ்சள் ஒட்டு."

மாதக் கடைசியில் அதிக சந்தோஷமான மாடிக்கு ஹாட் பாக்ஸ் பரிசு என்று அவரே முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டார். அதோடு காலை ஒன்பதே காலுக்குச் சிரிப்புப் பயிற்சி. ஷட்டர் பாதி இறங்கியிருக்க, நாற்பது பேர் வரிசையில் நின்று கையைத் தூக்கி ஹா ஹா என்று சிரிக்க வேண்டும். எதிர்க் கடை போண்டாக்காரர் முதல் நாள் பயந்துபோய் ஓடிவந்து ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்தார். பிறகு பழகிவிட்டது. அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டதும் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்க ஆரம்பித்தார்.

நீல முகம் இருந்த டப்பா ஒரு மாதமாகத் திறக்கப்படவே இல்லை. நீலம் ஒட்டினால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கவுன்சலரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருந்தது. கிடைப்பது இருபது நிமிஷச் சாப்பாடு. அதையும் விட்டுவிட்டு மனசைப் பற்றிப் பேச யாருக்கு மனசு வரும்?

சாவு வீட்டுக்கு மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை காலை, நீலாம்பாள் பலகைக்கு எதிரே நின்றாள். பின்னால் வரிசை நின்றது. அவள் நீல டப்பாவின் டேப்பை நகத்தால் கிழித்து, ஒரு முகத்தை எடுத்து, மஞ்சள் மஞ்சளாக ஒட்டியிருந்ததற்கு நடுவில் ஒட்டினாள். சிரித்துக்கொண்டேதான் ஒட்டினாள்.

"அக்கா, தப்பா ஒட்டிட்டீங்க" என்றாள் பின்னால் நின்ற அகிலா. இருபத்திரண்டு வயதுப் பெண், அதே மாடியில் வேலை.

"தப்பு இல்லமா."

மாணிக்கவேல் கேமராவில் பார்த்துக் கண்டுபிடித்து வந்துவிட்டார். "நீலாம்பா! உன்கிட்ட இத நான் எதிர்பாக்கல. சீனியர் ஸ்டாஃப் நீ. ஹாட் பாக்ஸ் போச்சு."

நீலாம்பாள் அவரைப் பார்த்து அழகாகச் சிரித்தாள். "சிரிச்சிக்கினே நீலம் ஒட்டறியே, எந்த ஊரு நியாயம்?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார்.

---

ஷாரோனுக்குக் கொடுத்திருந்த இடம் மூன்றாம் மாடியில் அட்டைப்பெட்டி அடுக்குகிற அறை. ஒரு மாதமாக அந்தப் பெண் அங்கே தனியாக உட்கார்ந்து, எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதிவிட்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். நீலாம்பாளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"வாங்கக்கா, உட்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்மா. நீங்க இன்னா கலர் கட்டுவீங்க? உங்க நெறத்துக்கு மயில் கழுத்து கலர் எடுப்பா இருக்கும். நேத்துதான் ஒண்ணு வந்துச்சு, சின்ன புட்டா..."

"அப்படியா? எங்க அண்ணனுக்கு டிசம்பர்ல கல்யாணம்..." என்று தொடங்கிய ஷாரோன் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். "அக்கா, நான்தான் உங்களக் கேக்கணும். நீங்க உங்களுக்காகன்னு தினமும் என்ன செய்றீங்க?"

நீலாம்பாள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "கால் வலிக்கு மாத்திரை போடறேன்மா."

"அது தவிர?"

"அது தீந்துட்டா வாங்கிக்கினு வருவேன்."

ஷாரோன் பேனாவை மூடி வைத்தாள். "எதுக்கு நீலம் ஒட்டினீங்க?"

நீலாம்பாள் சொன்னாள். சாவு வீடு, அரக்குப் பட்டு, முந்தானை, காந்தா, மகள் கல்யாணம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கடையில் நிற்கிற அதே முகத்தோடு சொன்னாள். முடிந்ததும் ஷாரோன் தன் போனில் கேமராவைத் திருப்பி அவள் முன்னால் நீட்டினாள்.

"இந்தக் கதைய இப்படித்தான் சொன்னீங்க அக்கா. பாருங்க."

நீலாம்பாள் பார்த்தாள். கன்னம் மேலே தூக்கி, பல் வரிசையாகத் தெரிய, புதுப் பொண்ணுக்குப் பட்டு காட்டுகிற முகம். அவள் வாயை மூடிப் பார்த்தாள். மூடியது, உடனே திறந்துகொண்டது. இரண்டு விரலால் கன்னத்தைக் கீழே இழுத்துப் பிடித்தாள். விட்டதும் பழையபடி ஏறிக்கொண்டது.

"இன்னாமா இது? எறங்க மாட்டேங்குதே" என்றாள். "அந்தக்கா செத்ததுக்கு எனக்குத் துக்கம் இல்லாம இல்லமா. நிச்சயத்தன்னிக்கு என் கையைப் புடிச்சு, உன் பொண்ண நாங்க நல்லா பாத்துக்கறோம்னு சொன்னவங்க. எனக்கு அழுவணும்னு இருக்குது. அழுவறதுக்கு ஒரு மூஞ்சி வேணும் இல்ல? அத எங்க வெச்சேன்னு தெரியல."

ஷாரோனுக்கு அழுகை வந்துவிட்டது. கவுன்சலர் அழக் கூடாது என்று படித்திருப்பாள் போல, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நீலாம்பாள் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், சிரித்த முகத்தோடு.

---

ஷாரோன் அன்று ஜீவிதாவிடம் போய்ப் பேசினாள். பலகையை எடுத்துவிடுங்கள், சிரிப்புப் பயிற்சியை நிறுத்துங்கள், ஒவ்வொருவருக்கும் தினம் அரை மணி நேரம் சிரிக்காமல் உட்கார இடம் கொடுங்கள், மேடையில் ஆளுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள் என்று சொன்னாள். சாப்பாட்டு நேரத்தில் கை வைக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

மாணிக்கவேல் கொதித்துவிட்டார். "சிரிக்காம இருக்கறதுக்கு லீவா? உலகத்துல எங்கயாவது உண்டா மேடம்? நாளைக்கு மூச்சு உடாம இருக்கறதுக்கு ஒரு மணி நேரம் கேப்பாங்க."

ஜீவிதா பலகையைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாள். "ஒரு மாசமா எல்லாரும் எனக்குப் பொய் ஒட்டிக் காமிச்சிருக்காங்க, இல்ல?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது. பிறகு இரண்டாம் மாடி ஸ்டாக் ரூமைத் திறந்துவிடச் சொன்னாள்.

முதல் நாள் நீலாம்பாளும் அகிலாவும் உள்ளே போனார்கள். சுற்றிலும் புடவைக் கட்டு, நடுவில் இரண்டு ஸ்டூல், கதவு சாத்தியிருந்தது. கேமரா கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்து சிரிக்காமல் இருக்கப் பார்த்தார்கள். அகிலாவின் சிரிக்காத முகத்தை நீலாம்பாள் அதுவரை பார்த்ததே இல்லை. உதடு தொங்கி, கண் பாதி மூடி, வேலைக்குப் போகாத ஒரு பூனை மாதிரி இருந்தது.

"இதான்டி உன் மூஞ்சியா?"

"உங்களுது மட்டும் இன்னாவாம் அக்கா? அம்மை போட்ட மாதிரி இருக்குது."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காத அரை மணி முழுக்கச் சிரித்தே தீர்ந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் வாய் கோணியது, மூக்கு சிந்தியது, எந்த வாடிக்கையாளருக்கும் காட்டக்கூடிய சிரிப்பாக அது இல்லை.

நாலாம் நாள் பழகிவிட்டது. ஒருவர் வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். ஒருவர் கொண்டுவந்த எலுமிச்சம்பழச் சோற்றை அவசரமில்லாமல் சாப்பிடுவார். கதிர்வேல் பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவன் வார்த்தையில் சொன்னால், 'நிம்மதியா வலிச்சிக்கினு' இருந்தான். ஆறாம் நாள் மாணிக்கவேல் கதவைத் திறந்தார். வேவு பார்க்க வந்திருக்கிறார் என்று எல்லோரும் எழுந்தார்கள். அவர் டையைத் தளர்த்தி ஒரு புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"எனக்கும் கால் வலிக்குதுப்பா" என்றார். ஐந்து நிமிஷத்தில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். ஹாட் பாக்ஸ் காட்டன் செக்‌ஷனுக்குப் போய்விட்டிருந்தது. அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

பதினாறாம் நாள் நெருங்க நெருங்க, ஸ்டாக் ரூமில் நீலாம்பாளுக்குத் தனிப் பயிற்சி நடந்தது. கதிர்வேல் ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காந்தாவாக உட்கார்ந்தான். அகிலா போனில் நேரம் பார்த்தாள்.

"நீ மனுஷியா? உனக்கு நெஞ்சு இருக்குதா? உன் பொண்ணு எங்களுக்கு வேணாம், போ!"

"மன்னிச்சிக்கோங்க அக்கா..."

"பல்லு தெரியுது அக்கா!" என்றாள் அகிலா. "நாப்பது செகண்ட்தான்."

"மறுபடி திட்டுப்பா கதிர்வேலு. நல்லா காது கூசற மாதிரி திட்டு."

காரியத்துக்கு முதல் நாள் மூன்று நிமிஷம் தாக்குப் பிடித்தாள். ஸ்டாக் ரூமே கை தட்டியது. மன்னிப்புக் கேட்க மூன்று நிமிஷம் தாராளம் என்று கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

---

பதினாறாம் நாள் காலையிலிருந்து தூறல். ஆண்கள் சர்வதீர்த்தக் குளத்தில் காரியத்தை முடித்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பியிருந்தார்கள். வீட்டுக்குள் வடை வெந்துகொண்டிருந்தது. பரமசிவம் ஜெயக்குமாரோடு வாசல் பந்தலில் நின்றுவிட்டார். நீலாம்பாள் மட்டும் ஒரு பையோடு உள்ளே போனாள். இந்த முறை யூனிஃபார்ம் இல்லை, அட்டை இல்லை.

காந்தா கூடத்துச் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் உறவுப் பெண்கள். துக்கம் கழிகிற அன்று பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள், அதைக் கட்டிக்கொண்டுதான் எழ வேண்டும். காந்தாவுக்கு எடுத்துக் கொடுக்கப் பிறந்த வீட்டில் யாரும் இல்லை. அதனாலேயே அவள் இன்னும் பழைய புடவையோடு உட்கார்ந்திருந்தாள்.

நீலாம்பாள் எதிரே போய் நின்றாள். முகம் சரியாகத்தான் இருந்தது.

"அக்கா, அன்னிக்கு நான் பண்ணது..."

"எதுக்கு வந்தே?" என்றாள் காந்தா. கதிர்வேல் போட்ட சத்தத்தில் பாதிகூட இல்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. "அறுபத்தெட்டு வருஷத்துல எங்கக்கா பட்டு கட்டனது ரெண்டே வாட்டி. மூணாவது நான் போட்டேன். அதையும் எடுத்து மடிச்சு வெச்சியே."

அத்தனை நாள் பயிற்சியும் பத்து விநாடியில் போயிற்று. நீலாம்பாளின் கன்னம் ஏறியது, உதடு விரிந்தது, பல் தெரிந்தது. சுற்றியிருந்தவர்கள் மூச்சை இழுத்தார்கள்.

"பாத்தியா, மறுபடி சிரிக்கறா! பாருங்கடி இவள!" என்று கூவினாள் ஒருத்தி.

நீலாம்பாள் ஓடிப்போகவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "திட்டினா எனக்கு இதான்க்கா வருது" என்றாள். "வேணும்னு பண்ணல. பத்தொம்போது வருஷமா நின்னுக்கினு திட்டு வாங்கி, திட்டு வாங்கி, மூஞ்சி இப்படி ஆயிப்போச்சு. உங்கக்காவப் பாத்து எனக்கு அழுவ வரல. அன்னிக்கு அழுவாததுக்கு தெனம் செத்துக்கினு இருக்கேன். என்ன இன்னா வேணா பண்ணுங்க. பொண்ணு இன்னா பண்ணுச்சு, அத மட்டும் வேணாம்னு சொல்லாதீங்க."

முந்தானை நழுவியது. காந்தா நிமிர்ந்து பார்த்தாள். மேலே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பல் வரிசை அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு முகத்தைக் காந்தா அதுவரை கண்டதில்லை.

"எத்தினி மணி நேரம் நிப்பே கடைல?" என்று கேட்டாள்.

"காலைல ஒம்போதரைல இருந்து... கடை மூடற வரைக்கும்."

"உக்காரு மொதல்ல."

நீலாம்பாள் உட்கார்ந்தாள். காந்தாவுக்குப் பக்கத்தில், அதே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு கன்னம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உதடு கோணியது. பிறகு அவள் அழுதாள். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் இருந்த முகம் வந்துவிட்டது. சம்பூரணத்துக்காக அழுதாள், மகளுக்காக அழுதாள், காலுக்காக அழுதாள். பத்தொன்பது வருஷத்தில் கோயிலைச் சேவித்துவிட்டு வருகிறோம் என்று போய்த் திரும்பி வராதவர்கள் எல்லோருக்காகவும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். சத்தம் அடுப்பங்கரைக்குப் போய், வடை போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வந்து நின்றார். பதினாறு நாளில் சம்பூரணத்துக்காக யாரும் இப்படி அழவில்லை. காந்தாவும் அவள் தோளில் சாய்ந்து உடைந்துபோனாள்.

"யாரும்மா இவங்க? செத்தவங்களுக்குக் கூடப்பொறந்தவங்களா?" என்று கேட்டாள் ஒரு பக்கத்து வீட்டுக்காரி.

காந்தா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க சம்பந்தி" என்றாள்.

வெளியே பந்தலில் ஜெயக்குமார் அந்த நிமிஷமே போனை எடுத்தான்.

அழுகை ஓய்ந்த பிறகு நீலாம்பாள் பையைக் காந்தாவின் மடியில் வைத்தாள். "உங்களுக்குதான்க்கா. பொறந்த வூட்டுப் புடவைன்னு நெனச்சிக்கோங்க. எங்க வூட்டுக்காரர் நெய்ஞ்சது."

பாக்கு நிறப் பட்டு, மெல்லிய ஜரிகை. காந்தா பிரித்தாள். முழுக்க விரித்து, இரண்டு மடியிலும் பரவவிட்டு, முந்தானையைத் தடவிப் பார்த்தாள். சுற்றியிருந்தவர்களும் குனிந்து பார்த்தார்கள். ஒருத்தி நல்ல கலர் என்றாள். காந்தா புடவையை நெஞ்சோடு ஒருமுறை அணைத்துவிட்டுக் கீழே வைத்தாள்.

நீலாம்பாளின் கை புடவைக்குப் போனது. காந்தா அதைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"கைய எடு. இன்னிக்கு நான் மடிக்கிறேன்."

"இல்லக்கா, அது ஒரு நிமிஷம்..."

"உக்காருன்னு சொன்னேன் இல்ல?"

காந்தா மடித்தாள். காலமெல்லாம் நெய்கிற வீட்டில் இருந்தும் அவளுக்குப் பட்டு மடிக்கத் தெரியவில்லை. பார்டர் ஒரு பக்கம் போயிற்று, முந்தானை ஒரு பக்கம் போயிற்று, நடுவில் ஒரு விரல் அளவுக்குக் கோணல். மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள், அது இன்னும் மோசம். நீலாம்பாள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, தனக்காக ஒருத்தி புடவை மடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.